ஆன்டிகிரேட் பங்க்சர்: தோலில் எங்கே, தமனியில் எங்கே?

கேத்லேப்_புதுசு:
சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல் (தொடை வழியே காலுக்கு இறங்கும் தமனி) நீளமாக அடைத்திருக்கிறது. அதே பக்கத் தொடை இடுக்கிலிருந்து கீழ்நோக்கி, ரத்தம் ஓடும் திசையிலேயே (ஆன்டிகிரேட்) போகத் திட்டம். நோயாளி பருமன், வயிறு மடிந்து தொங்குகிறது. தோல் மடிப்பை வைத்துக் குத்தும் இடத்தை முடிவு செய்யலாமா? வயர் திரும்பத் திரும்ப ப்ரொஃபண்டாவுக்குள் (தொடையின் ஆழக் கிளைத் தமனி) போனால் என்ன செய்வது? மேலிருந்து தாண்ட முடியாவிட்டால் அடுத்து முழங்கால் பின்புறமா, கணுக்காலா?

டாப்ளர்:
மடிப்பை மறந்துவிடுங்கள். பருத்த உடலில் அது தொடை இடுக்கு லிகமென்ட்டுக்கு (தசைநார்ப் பட்டை) வெகு கீழே இறங்கிவிடும். பலருக்குத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கும் கீழே. அதை நம்பிக் குத்தினால் ஊசி சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரலிலோ ப்ரொஃபண்டாவிலோதான் ஏறும். அங்கே பின்னால் அழுத்திப் பிடிக்க எலும்பு கிடையாது, சிரையும் தமனிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சூடோஅனியூரிசம் (தமனிக்கு வெளியே ரத்தப் பை), ஏவி ஃபிஸ்டுலா (தமனி-சிரை இணைப்பு) இரண்டும் அதிகம் வருவது இப்படித்தான்.

குறி காமன் ஃபெமோரல் (அந்த இரண்டு கிளைகளாகப் பிரியும் முன்னுள்ள தமனி). மேல் எல்லை இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் (வயிற்றுச் சுவருக்குப் போகும் தமனி) வளைந்து இறங்கும் அடிப்புள்ளி, கீழ் எல்லை கிளை பிரியும் இடம். ஃப்ளூரோவில் (நேரடி எக்ஸ்ரே) பார்த்தால் தொடை எலும்புத் தலையின் உள்பக்க மூன்றில் ஒரு பங்கின் மேல். மேல் எல்லையைத் தாண்டினால் ரத்தம் ரெட்ரோபெரிடோனியத்துக்குள் (வயிற்றறைக்குப் பின்னுள்ள இடம்) போகும். வெளியே வீக்கமே தெரியாது.

ரெட்ரோகிரேடோ (மேல்நோக்கி, ரத்த ஓட்டத்துக்கு எதிராக) ஆன்டிகிரேடோ, தமனியில் துளை விழ வேண்டிய இடம் ஒன்றே. மாறுவது தோல் துளைதான். ஆன்டிகிரேடில் ஊசி கீழ்நோக்கிச் சாய்வதால் தோலில் சில சென்டிமீட்டர் மேலே நுழைய வேண்டும். வயிற்றை மேலே இழுத்து அகல டேப்பால் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஊசியை ரொம்பப் படுக்க வைத்தால் கொழுப்புக்குள்ளேயே நீளம் தீர்ந்துவிடும். ரொம்ப நிமிர்த்தினால் ஷீத் (தமனிக்குள் வைக்கும் குழாய்) மடங்கும். 45 முதல் 60 டிகிரி சரி.

அல்ட்ராசவுண்டில் முதலில் குறுக்குவெட்டாக வைத்து இரண்டு கிளைகளையும் பிடியுங்கள். அவை ஒன்று சேரும்வரை புரோபை மேலே நகர்த்துங்கள். முன்சுவரில் கால்சியம் இல்லாத இடமாகப் பார்த்து 21 கேஜ் ஊசி, 0.018 வயர். பின்சுவரைத் துளைக்கக் கூடாது.

ஆங்கிள்_டிப்:
டாப்ளர் சார் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. அல்ட்ராசவுண்ட் இருந்தால் சிக்கலே வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2010இல் 1004 பேரிடம் நடந்த ஃபாஸ்ட் (FAUST) ஆய்வில் முதல் குத்திலேயே தமனி கிடைத்தது அல்ட்ராசவுண்டோடு 83 சதவீதம், ஃப்ளூரோவில் மட்டும் 46. ஆனால் 2022இன் யுனிவர்சல் ஆய்வில் ரத்தக்கசிவும் நாளச் சிக்கலும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. படத்தைப் பார்ப்பது வேறு, ஊசி முனையைக் கடைசிவரை கண்ணில் வைத்திருப்பது வேறு.

வயர் விஷயம்: ப்ரொஃபண்டா பின்னும் வெளிப்பக்கமும் போகும், நமக்கு வேண்டியது முன்னும் உள்பக்கமும். நேர் பார்வையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும். சி-ஆர்மை (எக்ஸ்ரே கருவியின் வளைந்த கை) அதே பக்க ஆப்ளிக்கில் (சாய்வில்) 30–40 டிகிரி திருப்பினால் பிரிவு விரியும். 4 ஃப்ரெஞ்ச் (குழாய்த் தடிமன் அளவு) டைலேட்டர் (துளையை விரிக்கும் மெல்லிய குழாய்) மட்டும் இருக்கும்போதே கொஞ்சம் டை (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) விட்டுப் பாருங்கள். நுனியைக் காமன் ஃபெமோரலுக்கு இழுத்து, வளைந்த முனை வயரை முன்-உள்பக்கமாகத் திருப்புங்கள். பெரிய ஷீத்தை ப்ரொஃபண்டாவுக்குள் தள்ளிவிட்டு அப்புறம் சரிசெய்யலாம் என்பது வம்பு. டைலேட்டரைத் திருப்பவே இடமில்லை என்றால் குத்தியதே தாழ்வு. எடுத்து, அழுத்தி, மறுபடி மேலே.

பெடல்_பாதை:
மூன்றாவது கேள்விக்கு: முழங்கால் பின்குழியில் தோலிலிருந்து உள்ளே போகும் வரிசை நரம்பு, சிரை, கடைசியில் தமனி. நேராகக் குத்தினால் சிரையைக் கடந்துதான் தமனி. அல்ட்ராசவுண்ட் இல்லாமல் தொடவே கூடாது.

பெரும்பாலும் கணுக்கால் எளிது. டார்சாலிஸ் பீடிஸ் (பாதத்தின் மேற்புறத் தமனி), கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாணுக்கு வெளிப்பக்கம். பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்தால் நீண்டு நிற்கும். போஸ்டீரியர் டிபியல், உள் கணுக்காலுக்குப் பின்னால்; பாதத்தை மேலே மடக்கி வெளிப்பக்கம் திருப்புங்கள். அதை ஒட்டிப் பின்னாலேயே டிபியல் நரம்பு. சிறு தமனி சட்டென்று சுருங்கும். நைட்ரோகிளிசரின் 100–200 மைக்ரோகிராம் கையில் இருக்கட்டும். முடிந்தால் ஷீத் இல்லாமல் வயரும் மைக்ரோகேதீட்டரும் மட்டும்.

இரண்டு தடைகள். பாதத்துக்கு ரத்தம் தரும் ஒரே தமனி அதுதான் என்றால் குத்துவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். ஆன்டீரியர் டிபியலை (முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தமனி) காலின் மேல்பகுதியில் குத்தினால் கசிவு தசை அறைக்குள் அடைபட்டு கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமில் (அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் தடைபடும் நிலை) முடியலாம்.

ஷீத்_எடுப்பவர்:
டாக்டர்கள் பெரும்பாலும் மறப்பது அழுத்தும் இடம். ரெட்ரோகிரேடில் தமனித் துளை தோல் துளைக்கு மேலே, ஆன்டிகிரேடில் கீழே. பழக்கதோஷத்தில் மேலே அழுத்தினால் தோலில் ரத்தம் வராது, உள்ளே வீங்கிக்கொண்டிருக்கும். 6 ஃப்ரெஞ்சுக்கு 15–20 நிமிடம், ஏசிடி (ரத்தம் உறையும் நேரம், நொடியில்) 180க்குக் கீழ் வந்த பிறகு.

வார்டுக்குப் போன பிறகு இடுப்போரமோ முதுகோ வலிக்கிறது, பிபி இறங்குகிறது, நாடி ஏறுகிறது என்றால் தொடை இடுக்கு தட்டையாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் தாமதமாகத்தான் குறையும். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், சிடிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கேத்லேப்_புதுசு:
நன்றி. அழுத்தும் இடத்தை நானும் மேலே என்றுதான் வைத்திருந்தேன். தோல் துளைக்கும் தமனித் துளைக்கும் இடையே பேனாவால் குறி வைத்தே வார்டுக்கு அனுப்பலாமா?

ஷீத்_எடுப்பவர்:
தாராளமாக. ஆன்டிகிரேட் என்று கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதியும் விடுங்கள் சார், இரவு டியூட்டிக்கு வருபவருக்குப் பேனாக் குறி மட்டும் புரியாது.