ஹாலெப் ஆட்டம்: உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு எந்த மேட்ச்சைப் போட்டுக் காட்டலாம்?

பேஸ்லைன்_அண்ணாநகர்
வணக்கம். 12 முதல் 15 வயதுப் பெண்கள் பேட்ச் ஒன்றுக்கு வாரம் ஒரு மேட்ச் வீடியோ போட்டு அலசுகிறோம். பாதிப் பேர் உயரம் குறைவு. ஆறடிக்காரர்களின் சர்வீஸைக் காட்டினால் ரசிப்பார்கள், ஆனால் கோர்ட்டில் இறங்கி அதைச் செய்ய முடியாது. அதனால் ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்பை எடுக்கலாம் என்று இருக்கிறேன். 168 செ.மீ. உயரத்தில் உலக நம்பர் 1 ஆனவர். எந்த மேட்ச், எந்த இடத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும்? "ஊக்கமருந்து கேஸில் மாட்டியவராச்சே" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கும் சரியான பதில் வேண்டும்.

ரெட்டைக்கை_பேக்ஹேண்ட்
நல்ல தேர்வு சார். ஆனால் ஜெயித்த மேட்ச்சில் ஆரம்பிக்காதீர்கள். 2017 பிரெஞ்சு ஓப்பன் ஃபைனலை முதலில் போடுங்கள். ஹாலெப் 6-4, 3-0 என்று முன்னிலையில் இருந்து, ஒஸ்டாபென்கோவிடம் 6-4, 4-6, 3-6 என்று தோற்றார். புள்ளிவிவரத்தைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்: ஒஸ்டாபென்கோவுக்கு 54 வின்னர் (எதிராளி திருப்ப முடியாத அடி), 54 தவறு (நெருக்கடி இல்லாமல் தானே செய்தது). ஹாலெப்புக்கு 8 வின்னர், 10 தவறு. பந்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தால் எதிராளி தானே தப்பு செய்வாள் என்று நம்பும் பிள்ளைகள் நம்ம ஊர் ஜூனியரில் ஏராளம். எதிரே இருப்பவள் பயப்படாமல் அடித்தால் அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த எட்டு வின்னரே சாட்சி.

அடுத்த வாரம் 2018 பிரெஞ்சு ஓப்பன் ஃபைனல். ஸ்லோன் ஸ்டீபன்ஸிடம் முதல் செட் 3-6 போயாச்சு, இரண்டாவதில் 0-2. அங்கே நிறுத்துங்கள். அடுத்த நாலு கேமும் ஹாலெப்புக்கு. ஸ்டீபன்ஸ் 4-4 வரை பிடித்தும் செட் 6-4, மூன்றாவது 6-1. பந்தைப் பார்க்காமல் ஹாலெப்பின் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எதிராளி மட்டையில் பந்து படுகிற கணத்தில் ஒரு சின்னத் துள்ளல், உடனே முதல் அடி பக்கவாட்டில். அந்தத் துள்ளல் அரை நொடி பிந்தினாலும் அகலப் பந்துக்குக் கை மட்டும் நீளும், உடம்பு வராது. உயரம் குறைந்தவருக்குக் கை எட்டும் தூரமும் குறைவு. அதைக் காலால்தான் ஈடுகட்ட முடியும்.

இன்னொன்று, பேக்ஹேண்ட். குறுக்கே மூன்று, நான்கு பந்து போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நேர்கோட்டில் ஒன்று. கோட்டோரம் வலை உயரம், தூரமும் குறைவு. உடம்பு நிலைகுலைந்திருக்கும்போது அடித்தால் பந்து வெளியேதான். அவர் திசை மாற்றுவது பெரும்பாலும் கால் ஊன்றி, பந்து இடுப்புயரத்தில் இருக்கும்போது. அதை எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு மணி நேர வேலை.

நுங்கம்பாக்கம்_கேலரி
2018 ஃபைனலுக்குள் மாறியது மனசு என்பது என் கருத்து. 2017 மயாமியில் கோன்டாவுடன் ஆடும்போது ஹாலெப் மேட்ச்சைக் கைவிட்டது மாதிரி நடந்துகொண்டதால் பயிற்சியாளர் டேரன் கேஹில் விலகினார். சில வாரங்களில் கேஹில் திரும்பி வந்தார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் காலிறுதியில் ஹாலெப் ஸ்விடோலினாவிடம் 3-6, 1-5 என்று கிடந்து, ஒரு மேட்ச் பாயின்ட்டை (அது போனால் தோல்வி) தப்பித்து ஜெயித்தார். அக்டோபரில் நம்பர் 1. மொத்தம் 64 வாரம் அந்த இடத்தில் இருந்தார்.

2018 ஆஸ்திரேலிய ஓப்பனையும் விடாதீர்கள். முதல் சுற்றிலேயே கணுக்கால் பிசகியது. லாரன் டேவிஸுடன் கடைசி செட் 15-13, மூன்றே முக்கால் மணி நேரம். ஃபைனலில் வோஸ்னியாக்கியிடம் தோற்ற இரவு நீரிழப்பால் ஆஸ்பத்திரிக்குப் போனார். சென்னை மே மாதத்தில் ஆடுகிறவர்கள் பார்க்க வேண்டிய பாடம் இது. தாகம் எடுத்த பிறகு ஒரு பாட்டிலை மடமடவென்று குடித்தால் வயிறு கனக்கும், ஓட முடியாது. ஒரு லிட்டர் ஓஆர்எஸ் கரைத்து, பக்கம் மாறும் 90 நொடியில் இரண்டு மூன்று வாய் குடிக்கப் பழக்குங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீர்தான். குறைத்துக் கரைத்தால் உப்பு ஏறிவிடும்.

2019 விம்பிள்டன் ஃபைனலைக் கடைசியில் வையுங்கள். செரீனாவை 6-2, 6-2, 56 நிமிடம், ஹாலெப் செய்த தவறு மூன்றே மூன்று.

பேஸ்லைன்_அண்ணாநகர்
இருவருக்கும் நன்றி. அவர் சர்வீஸ் பலவீனம்தானே, அதை எப்படிச் சொல்வது?

ரெட்டைக்கை_பேக்ஹேண்ட்
மறைக்காதீர்கள். இரண்டாவது சர்வீஸ் கடைசி வரை அடி வாங்கியது. ஆனால் எதிராளி சர்வீஸை அதைவிட அதிகமாக உடைத்ததால், அதாவது எதிராளி சர்வீஸ் போட்ட கேம்களை ஜெயித்ததால், கணக்கு நேராயிற்று. பேஸ்லைனை (கோர்ட்டின் பின்கோட்டை) விட்டுப் பின்வாங்காமல், மட்டையை அதிகம் பின்னால் இழுக்காமல், பந்து எழும்பும்போதே ரிட்டர்ன் எடுப்பார். பயிற்சிக்கு, சர்வீஸ் போடுகிறவரை சர்வீஸ் கட்டத்துக் கோட்டிலிருந்து போடச் சொல்லி 20 பந்து எடுக்கட்டும். நேரம் சுருங்கும்போது பெரிய ஸ்விங் தானாகக் குறையும்.

மருந்துச்சீட்டு_மயிலை
பெற்றோருக்கான பதில். 2022 யுஎஸ் ஓப்பனில் எடுத்த மாதிரியில் ராக்ஸாடுஸ்டாட் இருந்தது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான மருந்து. உடம்பில் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைக் கூட்டி, சிவப்பணுக்களைப் பெருக்கும். 2023 செப்டம்பரில் நான்கு ஆண்டுத் தடை. 2024 மார்ச்சில் விளையாட்டு நடுவர் மன்றம் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தது. கலப்படமான சப்ளிமென்ட் வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஏற்றது, ரத்த அளவுப் பதிவு சார்ந்த இன்னொரு குற்றச்சாட்டைத் தள்ளியது. ஆனால் அவர்மேல் கவனக்குறைவு துளியும் இல்லை என்று சொல்லவில்லை. அதையும் சேர்த்தே பெற்றோரிடம் சொல்லுங்கள்.

உடம்பில் இருப்பதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்பதுதான் விதி, தெரியாமல் நடந்தது என்றால் அதை நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில். உங்கள் பிள்ளைகளில் யாராவது புரோட்டீன் பவுடர் எடுத்தால் டப்பாவின் பேட்ச் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், காலியான டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள், அதே பேட்ச் எண்ணில் பிரிக்காத டப்பா ஒன்றை எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. அது இருந்தால்தான் பிறகு ஆய்வகத்தில் சோதிக்க முடியும். 13 வயதுக்கு முட்டையும் சுண்டலும் போதும் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

நுங்கம்பாக்கம்_கேலரி
தற்காலிகத் தடை தொடங்கிய 2022 அக்டோபரிலிருந்து எண்ணினால் ஒன்பது மாதம் 2023 ஜூலையிலேயே முடிந்துவிட்ட கணக்கு, ஆனால் அவர் வெளியே உட்கார்ந்தது சுமார் ஒன்றரை வருடம். 2024 மயாமியில் திரும்பி வந்தபோது வயது 32, பிறகு முட்டியும் தோளும் ஒத்துழைக்கவில்லை. 2025 பிப்ரவரி 4, சொந்த நாட்டில் க்ளூஜ் நகரில் ப்ரோன்செட்டியிடம் 1-6, 1-6 என்று தோற்று, அங்கேயே ஓய்வை அறிவித்தார். 24 பட்டங்கள். 2014 முதல் 2021 வரை 373 வாரம் விடாமல் உலகத் தரவரிசையின் முதல் பத்தில். பலகையில் எழுத இடம் மிஞ்சினால் அந்த 373-ஐ எழுதுங்கள்.