கானமாரா கடற்கரையில் மட்டக்குதிரைச் சவாரி: நாட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ராஜாக்கமங்கலம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். வருகிற கோடை விடுமுறையில் என் கணவர், பதினைந்து வயது மகள், நான் ஆகிய மூவரும் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கானமாராவுக்குச் சென்று, அந்த மண்ணுக்கே உரிய மட்டக்குதிரைகளில் கடலோரமாகச் சவாரி செய்ய விரும்புகிறோம். குமரி மாவட்டத்தின் முட்டத்துப் பாறைகளையும் சொத்தவிளை மணலையும் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடல் பழக்கம்தான். குதிரையில், ஒருவர் கயிறு பிடித்து நடத்திச் செல்லும் கடற்கரைச் சவாரிக்கு மேல் எங்களில் யாருக்கும் அனுபவமில்லை.

நாளுக்கு ஒரு ஊராகத் தங்கிக்கொண்டே குதிரையில் நகரும் பயணம் நல்லதா, ஒரே ஊரில் தங்கித் தினமும் வெவ்வேறு பாதையில் சென்று திரும்புவது நல்லதா? எந்த நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம்? என் கணவரின் எடை 84 கிலோ. அதை ஒரு மட்டக்குதிரை தாங்குமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: குளச்சல்காரன், கால்வே

வணக்கம் சகோதரி. கால்வே நகரில் மருத்துவமனைப் பணியில் இருக்கிறேன். சொந்த ஊர் குளச்சல். ஒரே ஊரில் தங்குவதையே பரிந்துரைக்கிறேன், அதற்குக் கிளிஃப்டன் மிகப் பொருத்தமான ஊர். கால்வேயிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவு. 1923ஆம் ஆண்டு உருவான கானமாரா மட்டக்குதிரை வளர்ப்போர் சங்கம், ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் இந்த இனத்துக்கான பெரிய கண்காட்சியை நடத்துவது அங்கேதான். நகரும் பயணத்தில் ஒரு நாள் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டாலும், உடம்பு வலித்தாலும், அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். புதிதாகச் சவாரி செய்பவர்களுக்கு அது பெரும் பாரம்.

நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் இது எளிதில் தோன்றாது. நம் கரையில் கடல்நீர் உயரும் ஏற்றத்துக்கும், தாழ்ந்து உள்வாங்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே சொத்தவிளையில் காலையில் போனாலும் மாலையில் போனாலும் மணல் அதே இடத்தில் கிடக்கிறது. கால்வே கரையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வேறுபாடு நான்கு மீட்டருக்கும் மேல். காலையில் கடலாக இருந்த இடம் மதியம் குதிரை ஓடும் மணல்வெளியாகிவிடும். மாலையில் மீண்டும் கடலாகிவிடும். கிளிஃப்டனுக்கு அருகிலுள்ள ஓமி தீவு இதற்குச் சிறந்த உதாரணம். வற்றத்தின்போது மட்டுமே அதற்கு மணல் வழியாகச் செல்ல முடியும். வழி தவறாமல் இருக்க மணலில் அம்புக்குறிக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். மட்டக்குதிரையில் அந்த மணலைக் கடந்து தீவுக்குள் ஏறுவதுதான் உங்கள் பயணத்தின் முதன்மையான நாளாக இருக்க வேண்டும்; மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு வற்றங்களுக்கு இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் வற்ற நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்தக் கரையில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் வற்றம் நண்பகல் வாக்கில் வரும், கடலும் நன்றாக உள்வாங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது காலையிலும் மாலையிலுமாகப் பிரிந்துவிடும், கடலும் அவ்வளவாக உள்வாங்காது. எனவே முதற்கட்டமாக வாரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே போதும். அதன் பிறகு ஏற்ற, வற்ற நேரங்களைக் காட்டும் அந்த ஆண்டுக்குரிய ஓத அட்டவணையைப் பார்த்து, குதிரைப் பண்ணைக்காரரிடம் கேட்டு நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். எப்போது திரும்ப வேண்டும் என்று அவர் சொன்னால், இன்னும் ஐந்து நிமிடம் என்று யாரும் கேட்கக் கூடாது.

மாதம் என்றால் மே. மழை ஓரளவு குறைந்திருக்கும். கடிக்கும் பொடிப்பூச்சிகளின் தொல்லையும் கோடை நடுவில் இருக்கும் அளவுக்கு இருக்காது. ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது. தனி விசா வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பதில் 2: தக்கலை கால்நடை மருத்துவர்

எடையைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்கிறேன். கானமாரா இனத்தின் உயரம் 128 முதல் 148 சென்டிமீட்டர் வரை. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் உச்ச வரம்பு. 350 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு அது 70 கிலோதான். ஆகவே உங்கள் கணவருக்கு, ஐரிஷ் டிராஃப்ட் என்னும் பெரிய உழவுக் குதிரை இனத்தின் கலப்பில் பிறந்த குதிரையைக் கேளுங்கள். முன்பதிவு செய்யும்போதே மூவரின் உண்மையான எடையையும் எழுதி அனுப்புவது மரியாதைக்குரிய செயல். அங்கே போய்ச் சொன்னால் துன்பப்படுவது வாயில்லாத பிராணி.

இந்த இனத்தின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கடற்பாசியையும் எரிப்பதற்கான கரிமண் கட்டிகளையும் சுமந்து, கல்லும் சேறும் நிறைந்த நிலத்தில் ஏழை விவசாயிகளோடு உழைத்து வளர்ந்த குதிரை இது. கால் வைக்கும் இடத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். சேற்று விளிம்பிலோ நீரோடையிலோ அது நின்று, தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடித்து, காதுகளை முன்னே நீட்டினால், உடனே குதிகாலால் தட்டி விரட்டாதீர்கள். கடிவாள வாரைத் தளர்த்தி, பார்ப்பதற்கு அவகாசம் கொடுங்கள். அடுத்த அடியை அது எடுத்து வைக்கும், அல்லது வேறு வழியைக் காட்டும். கானமாராவின் சதுப்பு நிலத்தில் அந்த அறிவுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

பதில் 3: மார்த்தாண்டம், குதிரையேற்றப் பயிற்றுநர்

தங்கச்சி, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். திருவனந்தபுரத்தில் குதிரையேற்றம் கற்றுத்தருகிறார்கள். நம் மாவட்டத்திலிருந்து காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நடையில் குதிரையை நிறுத்தவும் திருப்பவும், ட்ராட் என்னும் மெதுவான ஓட்டத்தில் குதிரையின் தாளத்துக்கு ஏற்ப எழுந்து அமரவும் மூவரும் பழகிவிட்டால் போதும். பாய்ச்சலுக்கு அவசரப்பட வேண்டாம். திறந்த மணல்வெளியைக் கண்டதும் குதிரைகளுக்கு உற்சாகம் கூடும், ஒன்று ஓடினால் கூட்டமே ஓடும். நிறுத்தத் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் அந்த மணலில் பாய்ச்சல் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

காலணி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அடிப்பகுதி வழவழப்பாகவும், குதிகால் சிறிது உயர்ந்தும் இருக்க வேண்டும். தட்டையான விளையாட்டுக் காலணி அங்கவடிக்குள் நழுவிப் போய்விடும். விழும்போது கால் சிக்கினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். தலைக்கவசத்தைப் பண்ணையிலேயே கொடுப்பார்கள், ஆனால் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்: ராஜாக்கமங்கலம் வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. மே மாத அமாவாசையை நடுவில் வைத்துக் கிளிஃப்டனில் ஒரு வாரம் தங்குவதென்று முடிவு செய்து, பண்ணைக்கு எங்கள் எடை விவரங்களோடு எழுதப் போகிறேன். திருவனந்தபுரத்தில் பயிற்சிக்குப் பயன்படுத்தும் காலணிகளையே அங்கேயும் எடுத்துச் செல்லலாமா?

தக்கலை கால்நடை மருத்துவர்

அதே காலணிகள் வேண்டாம், அம்மா. கிளாண்டர்ஸ் போன்ற குதிரை நோய்கள் இந்தியாவில் அவ்வப்போது தென்படுகின்றன. ஒரு நாட்டின் லாயத்துச் சேற்றை இன்னொரு நாட்டின் லாயத்துக்குக் கொண்டு போகக் கூடாது. புதியவற்றை வாங்கி, வீட்டுக்குள் மட்டும் போட்டு நடந்து காலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அணிந்த உடைகளையும் கையுறைகளையும் இங்கேயே விட்டுச் செல்லுங்கள். லாயம் உள்ள இடங்களில் டெட்டனஸ் கிருமி மண்ணிலேயே இருக்கும் என்பதால், மூவரும் தடுப்பூசி எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதைப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.