ரிவர்ஸ் லூப்பில் ஷோர்ட் ஆகுது, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம். இது மாடல் ரயில்: எச்ஓ (1:87 அளவு) தடம், டிசிசி (தண்டவாளத்தாலயே கரண்டும் டிஜிட்டல் கட்டளையும் போற முறை). ரயில் சுத்தித் திரும்பி வந்த பாதைக்கே வாற ரிவர்ஸ் லூப்பில ரெண்டு தண்டவாளமும் துருவம் மாறிச் சந்திக்கும். லூப்பின் ஆரை 45 செ.மீ, சுற்று ஏறக்குறைய 2.8 மீற்றர். அதில் 1.2 மீற்றரின் இரு முனையிலும் ரெண்டு தண்டவாளத்தையும் வெட்டிப் பிரிச்சு ஓட்டோ ரிவர்சருக்குக் (துருவத்தைத் தானா மாத்திற கருவி) குடுத்திருக்கு. எஞ்சின் தனிய ஓடினால் ஒரு பிரச்சினையும் இல்லை. நாலு பெட்டி கொழுவினால் ரயில் 1.4 மீற்றர், எஞ்சின் வெளியேறும் வெட்டைத் தாண்டேக்க கடைசிப் பெட்டியின்ர உலோகச் சில்லு நுழையும் வெட்டில. ரிவர்சர் எந்தப் பக்கம் மாத்தினாலும் மற்ற முனை ஷோர்ட், பூஸ்டர் (தடத்துக்குக் கரண்ட் குடுக்கிற கருவி) கட் ஆகுது.

பெட்டி விளக்கைக் கழட்டினாலும் தீராது, சில்லே வெட்டை இணைக்குது. அதால பிரிச்ச பகுதியை 2 மீற்றராக்க வேணும். பொயின்ட் ஃபிரொக்கில் (தடம் பிரியிற இடத்தில தண்டவாளங்கள் சந்திக்கிற உலோகத் துண்டு) கரண்ட் இருக்கு. அதிலயிருந்து வெட்டை எவ்வளவு தள்ளி வைக்கிறது? கொழும்பு வெக்கைக்குத் தண்டவாளம் நீண்டால், வெட்டில் ஒட்டின ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) துண்டு தாங்குமா? தண்டவாளத்தைக் கரண்ட் போகாமல் பொருத்திற பிளாஸ்டிக் ஜொயினர் புறக்கோட்டைப் பக்கம் எங்கயும் எடுக்கலாமா?