மறு: இயல்பு நீக்கப்பட்ட ஆல்கஹால் – எந்த இயல்பு நீங்கியது?

வணக்கம்.

விடைத்தாள் திருத்தும் வேலையில் இரண்டு நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. வந்து பார்த்தால் பதினெட்டு மடல். சாராயத்திலுள்ள எத்தனால் என்ற ஆல்கஹாலைக் குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்து வைப்பதற்கு (denatured alcohol) "இயல்பு நீக்கப்பட்ட ஆல்கஹால்" என்ற பெயர் வேண்டாம், "குடியாச் சாராயம்" என்று வைக்கலாம் என்று சொல்லிச் சிக்கலைக் கிளப்பியவன் நான் என்பதால் பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

> பாடநூலில் நிலைத்துவிட்ட சொல். ஏன் மாற்ற வேண்டும்?

பிள்ளைகளைத் தவறாக நினைக்க வைக்கிறது, அதனால்தான். ஆய்வகத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "இயல்பை நீக்கிட்டாங்கன்னா இது சோடியத்தோட வினை புரியாதா சார்?" புரியும். சோடியத் துண்டைப் போட்டால் ஹைட்ரஜன் குமிழியிடும். அயோடினும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து லேசாகச் சூடாக்கினால் அயோடோஃபார்ம் மஞ்சளாக வீழ்படிவாகும். எத்தனால் எத்தனாலாகவேதான் இருக்கிறது. சோடியத்தோடு வினைபுரியும் அதன் ஹைட்ராக்சில் தொகுதியை யாரும் தொடவில்லை. பக்கத்தில் நச்சு மெத்தனாலையோ நாற்றம் பிடித்த பிரிடினையோ குடிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முட்டை வெந்தால் வெள்ளைக்கரு இறுகுவது வேறு கதை. அங்கே புரதத்தின் மடிப்பு அவிழ்கிறது, உண்மையாகவே இயல்பு மாறுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் denature என்ற ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே ஒட்டிவிட்டோம். இதில் வேடிக்கை, கைகழுவும் திரவத்திலுள்ள எத்தனால் கிருமியைக் கொல்வது அதன் புரதத்தை இயல்பிழக்கச் செய்துதான். இயல்பை நீக்குகிறவனுக்கே இயல்பு நீக்கப்பட்டவன் என்று பட்டம்!

உண்மையில் இது வேதியியலில் பிறந்த பெயரே இல்லை, வரியில் பிறந்தது. குடிக்கும் சாராயத்துக்குக் கடும் தீர்வை. மெருகு போடுகிறவரும் மருந்து செய்கிறவரும் அந்த விலை கொடுத்து வாங்க முடியாது. பிரிட்டனில் 1855இல் வழி கண்டார்கள்: மரத்தை வடித்தெடுத்த மெத்தனாலைக் கலந்து குடிக்க முடியாதபடி ஆக்கிவிட்டால் தீர்வை இல்லை. பிரிடின் நாற்றத்துக்கு, சாயம் அடையாளத்துக்கு. 1958இல் ஸ்காட்லாந்தில் மரப்பு மருந்து ஆய்வின்போது தற்செயலாகக் கிடைத்த டெனட்டோனியம், கசப்புக்கு. எல்லாம் நாக்கையும் மூக்கையும் தடுக்க வந்தவை. ஆகவே பெயரில் இருக்க வேண்டியது "குடிக்காதே" என்ற செய்தி.

> மதுசாரம் என்பது ஆல்கஹாலுக்கு இலங்கையில் வழக்கிலுள்ள நல்ல சொல். அதை அடியாக வைக்கலாமே?

நல்ல சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் குடிக்காதே என்று சொல்ல வந்த பெயருக்குள் மதுவைக் கொண்டுவந்து உட்காரவைப்பது உறுத்துகிறது. தவிர, 95.5 விழுக்காடு எத்தனாலுக்கு எரிசாராயம் என்ற பெயர் நம் பாடநூலில் ஏற்கெனவே உண்டு. அதன் உறவாகவே இது இருக்கட்டும்.

> "குடியாச் சாராயம்" என்றால் இன்னும் யாரும் குடிக்காத புட்டி என்றும் ஆகுமே, தம்பி.

ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. செல்லாக்காசை மனத்தில் வைத்துத்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். ஆனால் செல்லாதது காசின் குணம். குடியாதது குடிப்பவன் செயல். இரண்டும் ஒன்றல்ல என்பது நீங்கள் எழுதிய பிறகே உறைத்தது. குடியாவைத் திரும்பப் பெறுகிறேன்.

நேற்றிரவு தோன்றியது இது: பருகொணாச் சாராயம். சொல்லொணாத் துயரம் யாருக்கும் தெரியும், அதே அச்சு. ஒண்ணாது என்பதில் முடியாது, கூடாது இரண்டும் உண்டு. இங்கே இரண்டும் வேண்டும்: குடிக்கவும் கூடாது, காய்ச்சிக் குடிக்கத் தக்கதாக்கவும் முடியாது. மெத்தனால் 65 பாகையில் கொதிக்கிறது, எத்தனால் 78இல். இந்த இடைவெளியை நம்பி, காய்ச்சினால் மெத்தனால் போய்விடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரண வடிகலத்தில் முழுதாகப் போகாது. மிஞ்சியது உடலுக்குள் ஃபார்மால்டிஹைடாகி, ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் நம் எழுத்தில் ஒரு மகர மெய்தான் வித்தியாசம் என்பதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

தச்சுப் பட்டறையில் அரக்கைக் கரைப்பவர் "ஸ்பிரிட்டு" என்றுதான் சொல்வார், சொல்லட்டும். நமக்கு வேண்டியது பாடநூலுக்கு.

கலக்கப்படும் பொருளுக்குக் "கெடுப்பி" என்று அம்மா ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வினையூக்கி, ஒடுக்கி வரிசையில் பொருந்துகிறது. கெடுவது எத்தனால் இல்லை, குடிதான். வினைப்பெயருக்குப் "பருகொணாதாக்கல்" என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. "கெடுப்பி சேர்த்தல்" போதுமா, வேறு ஏதும் தோன்றுகிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுவேன். ஓரிணைய, ஈரிணைய ஆல்கஹால் (primary, secondary) என்ற பெயர்கள் பற்றிய சண்டையைத் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்வோம்.