ஹெச்டிஏசி6 தடுப்பான்: டாக்கிங்கில் தேர்வு தெரிகிறது, ஐசி50-இல் காணோம்

கேள்வி (படிகம்_கா):
ஹெச்டிஏசி என்பவை புரதங்களிலிருந்து அசிட்டைல் குழுவை நீக்கும் என்சைம்கள். அவற்றில் ஹெச்டிஏசி1-ஐத் தொடாமல் ஹெச்டிஏசி6-ஐ மட்டும் தடுக்கும் ஹைட்ராக்சமேட் (என்சைமின் துத்தநாகத்தைப் பிடிக்கும் சேர்மம்) தேவை. ஜீப்ரா மீன் ஹெச்டிஏசி6-இன் இரண்டாம் வினையூக்கப் பகுதியின் படிக அமைப்பில், நீரையெல்லாம் நீக்கிவிட்டு டாக்கிங் (சேர்மம் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்ற கணினிக் கணிப்பு) செய்தேன். ஹைட்ராக்சமேட்டையும் மறுநுனியையும் இணைக்கும் லிங்கர் ஆறு கார்பன் நேர்ச்சங்கிலி, நுனியில் (கேப்) வளையத் தொகுதியான கார்பசோல். ஸ்கோர் ஹெச்டிஏசி6-க்கே சாதகம். ஆனால் ஐசி50 (என்சைமின் வேலையைப் பாதியாக்கும் செறிவு): ஹெச்டிஏசி6-க்கு 6 நானோமோலார், ஹெச்டிஏசி1-க்கு 9. இரண்டிலும் என்சைம் 10 நானோமோலார். ஒளிரும் பெப்டைடு, டிரிப்சின் டெவலப்பர் (அசிட்டைல் நீங்கிய பெப்டைடை டிரிப்சின் வெட்டினால் ஒளி வரும்). எங்கே இடிக்கிறது?

பதில் (கேஐ_வாசகன்):
அமைப்புக்குப் போகுமுன் அந்த எண்களைப் பாருங்கள். என்சைம் 10 என்றால் ஐசி50 எவ்வளவு முயன்றாலும் 5-க்குக் கீழே இறங்காது. என்சைம் செறிவில் பாதிதான் அதன் கீழெல்லை. 5-ஐக் கழித்தால் 1-ம் 4-ம் மிஞ்சும், 1.5 மடங்கு 4 மடங்காகிவிடும். ஆனால் அந்த 1-ஐ நம்பவும் வேண்டாம், சோதனைப் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கலாம். என்சைமை 0.5 நானோமோலாருக்குக் குறைத்து நேரத்தை நீட்டுங்கள், மாரிசன் சமன்பாட்டில் (என்சைமோடு ஒட்டிய தடுப்பானையும் கணக்கில் கொள்வது) பொருத்துங்கள். இரண்டு என்சைமுக்கும் கேஎம் (பெப்டைடுக்கான மைக்கேலிஸ் மாறிலி) வேறு என்பதால் ஒப்பிட வேண்டியது கேஐ-யைத்தான் (தடுப்பானின் பிணைப்பு மாறிலி).

டிரிப்சினையும் சோதியுங்கள்: அசிட்டைல் நீங்கிய பெப்டைடு, டிரிப்சின், உங்கள் சேர்மம் மட்டும். ஒளி குறைந்தால் தடைபடுவது டிரிப்சின்.

பதில் (துத்தநாகம்):
மேலே சொன்னது சரி. ஆனால் அளவீட்டைத் திருத்தினாலும் இந்த லிங்கரோடு பெரிய இடைவெளி வராது. நேர்ச்சங்கிலி எந்த ஹெச்டிஏசியிலும் துத்தநாகத்துக்குப் போகும் சுரங்கத்தில் நுழைந்துவிடும். நேர்ச்சங்கிலி உள்ள வோரினோஸ்டாட் மருந்து பல ஹெச்டிஏசிகளைத் தடுப்பதும் இதனால்தான்.

ஹெச்டிஏசி6-இன் வாய் அகலம். சங்கிலிக்குப் பதில் பென்சீன் வளையம் வைத்தால் அது ஃபினைல்அலனின் 583-க்கும் 643-க்கும் நடுவே செருகும் (மனித எண் வேண்டுமானால் 37 கூட்டுங்கள்), பருத்த கேப் எல்1 என்ற புரத வளைவருகே உள்ள பள்ளத்தில் சாயும். ஹெச்டிஏசி1-இல் அதே கேப் விளிம்பில் முட்டும். ஹைட்ராக்சமேட் துத்தநாகத்தை ஒழுங்காக எட்டாது.

படிகம்_கா:
பென்சைல் லிங்கரையும் டாக் செய்து பார்த்தேன். ஹைட்ராக்சமேட்டின் இரு ஆக்சிஜனும் துத்தநாகத்தைப் பிடிக்கும் நிலையே வருகிறது, கேப் கோணலாகிறது.

துத்தநாகம்:
நீரை நீக்கியதன் விளைவு அது. பருத்த ஃபினைல்ஹைட்ராக்சமேட்டுகள் பல, ஹெச்டிஏசி6 படிகங்களில் ஒற்றைப் பிடியில்தான் இருக்கின்றன: என்–ஓ ஆக்சிஜன் மட்டும் துத்தநாகத்தில், கார்பனைல், துத்தநாகத்தோடு ஒட்டிய நீரிடமிருந்து ஹைட்ரஜன் பிணைப்பு வாங்கும். அந்த ஒரு நீரை வைத்து ஒரு ஓட்டம், எடுத்துவிட்டு ஒரு ஓட்டம். ஹைட்ராக்சமேட் அயனியாக இருக்கட்டும். துத்தநாகம்–ஆக்சிஜன் தூரம் சுமார் 2 ஆங்ஸ்ட்ராம்.

எந்தப் படிகத்தை எடுத்தாலும் சமச்சீர் அண்டை மூலக்கூறுகளைத் திறந்து பாருங்கள். கேப் பக்கத்து மூலக்கூறில் சாய்ந்திருந்தால் அந்த நிலை படிகத்தால் வந்தது, புரதத்தால் அல்ல. கேப்புக்கு 1 சிக்மாவில் எலக்ட்ரான் அடர்த்தி தெரியாவிட்டால் அதன் கோணத்தை வைத்து எதையும் வடிவமைக்காதீர்கள். ஒப்பீட்டுக்கு ஹெச்டிஏசி2–வோரினோஸ்டாட் அமைப்பு போதும். வினைமையம் ஹெச்டிஏசி1-ஐ ஒட்டியதே.

கேஐ_வாசகன்:
செல்லில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) போடும்போது அசிட்டைல்-டியூபுலினையும் (ஹெச்டிஏசி6-இன் இலக்கு) அசிட்டைல்-ஹிஸ்டோன் எச்3-ஐயும் (ஹெச்டிஏசி1-இன் இலக்கு) ஒரே டோஸ் வரிசையில் ஓட்டுங்கள். இரண்டும் ஒரே டோஸில் ஏறினால் ஹெச்டிஏசி1 இன்னும் தப்பவில்லை.