கோயம்பேடு மண்டி பில்லிங்: கிளவுட் போஸ்ட்கிரெஸில் தினசரி ஜாப் ‘வெற்றி’ என்கிறது, தொகை மட்டும் குறைகிறது

விருகம்பாக்கம்_கோடர்:

வணக்கம். கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டில் சில கமிஷன் மண்டிகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்து, நானே பராமரித்து வருகிறேன். டேட்டாபேஸ் கிளவுட்டில், மும்பை ரீஜியனில் ஓடும் போஸ்ட்கிரெஸ். தினமும் மதியம் 2 மணிக்கு அன்றைய விற்பனை, கமிஷன், இறக்குகூலி மூன்றையும் விவசாயிவாரியாகக் கூட்டி ஒரு சுருக்க டேபிளில் ஏற்ற வேண்டும். மண்டிக்காரர்கள் அந்த டேபிளைப் பார்த்துத்தான் சரக்கு அனுப்பிய விவசாயிகளுக்குப் பணம் போடுகிறார்கள். அதனால்தான் இது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

டேட்டாபேஸுக்குள்ளேயே குறித்த நேரத்தில் ஜாப் ஓட்டும் பிஜி கிரான் எக்ஸ்டென்ஷன் போட்டு, 0 14 * * * (முதல் எண் நிமிடம், அடுத்தது மணி) என்று நேரம் கொடுத்தேன். ஜாப் ஓடுகிறது, ஆனால் இரவு 7.30க்கு ஓடுகிறது. அதைவிட மோசம், தொகை குறைகிறது. ஒரு கடையில் ஒரே நாளுக்கு ஜாப் காட்டியது 1,38,250 ரூபாய். அதே எஸ்க்யூஎல்லை (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) என் லேப்டாப்பில் டிபீவர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் வழியாக ஓட்டினால் 4,12,600. பில் புத்தகத்தோடு ஒத்துப்போவது இரண்டாவது தொகைதான். ஜாப் வரலாற்று டேபிளில் எல்லா நாளும் ‘சக்ஸீடட்’. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை.

எஸ்க்யூஎல் மிகச் சாதாரணமானது: பில்_நேரம் என்ற நெடுவரிசையை டேட் ஆக்கி, அது கரன்ட் டேட்டுக்குச் சமமா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் மாற்றம் இல்லை. பொங்கல் சிறப்புச் சந்தைக்கு முன் சரிசெய்தாக வேண்டும். உதவுங்கள்.

தரமணி_டிபிஏ:

முதலில் நேரம். பிஜி கிரான் தானாக எடுத்துக்கொள்வது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். சர்வர் மும்பையில் இருப்பதால் அதன் கடிகாரம் இந்திய நேரம் ஆகிவிடாது. நமக்கும் யுடிசிக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். நீங்கள் கொடுத்த 14:00 இங்கே 19:30. மதியம் 2 மணிக்கு ஓட வேண்டுமென்றால் 30 8 * * * என்று கொடுங்கள். பலர் மணியை மட்டும் மாற்றிவிட்டு அந்த அரை மணியை மறந்துவிடுகிறார்கள்.

புதிய பதிப்புகளில் கிரானுக்கென்றே ஒரு டைம்ஜோன் செட்டிங் இருக்கிறது. உங்கள் கிளவுட் கன்சோலில் பாராமீட்டர் பகுதியில் தென்பட்டால் அதில் ஆசியா/கொல்கத்தா வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஜாப் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். தொகை குறைவதற்கு அது மருந்து ஆகாது என்று நினைக்கிறேன்.

விருகம்பாக்கம்_கோடர்:

நன்றி சார். 30 8 மாற்றினேன், இன்று சரியாக 2 மணிக்கு ஓடிவிட்டது. நீங்கள் சொன்னபடியே தொகை இன்னும் குறைவுதான்.

அம்பத்தூர்_டேட்டா:

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, டிபீவரில் ‘ஷோ டைம்ஜோன்’ கொடுத்தால் என்ன வருகிறது? ஜாப்புக்குள் என்ன வருகிறது என்பதும் வேண்டும். அதற்கு, டைம்ஜோன் செட்டிங்கின் மதிப்பை ஒரு சோதனை டேபிளில் எழுதும் சின்ன ஜாப் ஒன்றை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுமாறு போடுங்கள். ஒரு வரி விழுந்ததும் அன்ஷெட்யூல் செய்துவிடுங்கள், மறந்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு, ஜாப் கூட்டிய பில்களில் முதல் பில் எத்தனை மணிக்குப் போட்டது?

விருகம்பாக்கம்_கோடர்:

டிபீவரில் ஆசியா/கொல்கத்தா. ஜாப்பில் யுடிசி.

முதல் பில் காலை 5.32. ஆனால் அந்தக் கடையில் பில் போடுவது இரவு 12 மணிக்கே தொடங்கிவிடும்.

அம்பத்தூர்_டேட்டா:

5.32 என்பதிலேயே விடை இருக்கிறது. யுடிசியில் நாள் மாறுவது நமக்கு அதிகாலை 5.30க்கு.

உங்கள் பில்_நேரம் டைம்ஜோனோடு கூடிய டைம்ஸ்டாம்ப். அதை டேட் ஆக்கும்போது போஸ்ட்கிரெஸ் அந்த செஷனின் (டேட்டாபேஸ் இணைப்பின்) டைம்ஜோனைத்தான் பார்க்கும், கரன்ட் டேட்டும் அப்படியே. டிபீவர் ஜாவாவில் எழுதியது. இணையும்போதே உங்கள் லேப்டாப்பின் டைம்ஜோனை செஷனில் வைத்துவிடுகிறது. அதனால் கையால் ஓட்டினால் நள்ளிரவிலிருந்து கணக்கு சரியாக வந்தது. ஜாப்புக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

இப்போது அதிகாலை 2.10க்குப் போட்ட ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். யுடிசி கணக்கில் அது நேற்றைய பில். நேற்றைய ஜாப் நேற்றே முடிந்துவிட்டது, இன்றைய ஜாப் இன்றைய தேதியை மட்டும் பார்க்கிறது. ஆக, அந்த பில் எந்த நாளின் சுருக்கத்திலும் வராது, அடுத்த நாளும் வராது. கோயம்பேட்டில் வியாபாரம் சூடாக நடப்பதே அந்த நேரத்தில்தான், அதனால்தான் பெரிய தொகை விழுகிறது.

ஜாப் ஓட்டும் ரோலுக்கு (டேட்டாபேஸ் பயனர் கணக்குக்கு) டைம்ஜோனை நிரந்தரமாக வைத்துவிடலாம், வேலை செய்யும். ஆனால் நான் அதை மட்டும் நம்ப மாட்டேன். நாளைக்கு வேறொருவர் வேறு ரோலில் ஜாப்பைப் போட்டால் பழைய கதைதான். எஸ்க்யூஎல்லுக்குள்ளேயே ‘அட் டைம்ஜோன் ஆசியா/கொல்கத்தா’ என்று எழுதுங்கள். நெடுவரிசையை டேட் ஆக்கி ஒப்பிடாமல், நாளின் தொடக்கம், முடிவு இரண்டையும் கணக்கிட்டு பில்_நேரம் அவற்றுக்கு நடுவில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்போதுதான் அந்த நெடுவரிசையின் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) பயன்படும்.

மண்டி_கணக்கு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு எஸ்க்யூஎல் அதிகம் தெரியாது, மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறேன். தம்பி, நள்ளிரவில் நாளைப் பிரித்தாலும் கணக்கு உதைக்கும். லாரி சீக்கிரம் வந்துவிட்டால் இரவு 11 மணிக்கே பில் போட்டுவிடுவோம். அது மறுநாள் வியாபாரம். விவசாயிக்கும் ஒரே லோடு, ஒரே கணக்கு. பாதி மூட்டை நேற்று, பாதி மூட்டை இன்று என்று சீட்டு போனால் அவருக்கு ஒன்றும் புரியாது, போன் மேல் போன் வரும்.

தரமணி_டிபிஏ:

ஐயா சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். வியாபார நாளும் காலண்டர் நாளும் இங்கே ஒன்றில்லை. மதியம் 2 மணியிலிருந்து மறுநாள் மதியம் 2 வரை ஒரு வியாபார நாள் என்று வைத்துக்கொள்ளலாமா? அப்படியானால் இந்திய நேரத்தோடு 10 மணி நேரத்தைக் கூட்டி டேட் எடுத்தால் போதும். 11ஆம் தேதி இரவு 11 மணி பில் 12ஆம் தேதிக்கு வரும். 12ஆம் தேதி மதியம் 1.59 பில்லும் 12க்கே வரும். இதைத் தனி நெடுவரிசையாக, வியாபார_நாள் என்று பில் டேபிளிலேயே வைத்துவிடுங்கள். பில் போடும்போதே நாளும் பதிவாகிவிடும். அப்புறம் எந்த ஜாப்பும், எந்த ரிப்போர்ட்டும் தன் இஷ்டத்துக்கு நாளைக் கணக்கிட வேண்டியதில்லை.

ஜாப்பைச் சரியாக 2 மணிக்கு வைக்காமல் 2.15க்குத் தள்ளுங்கள், 45 8 * * *. கடைசி நிமிட பில் ஏதாவது வந்து கொண்டிருந்தால் உள்ளே வந்துவிடும்.

விருகம்பாக்கம்_கோடர்:

ஐயா, மிக்க நன்றி. இரவு 11 மணி பில்லை நான் யோசிக்கவே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. விலை சில சமயம் மறுநாள்தான் முடிவாகிறது, பில் திருத்தப்படுகிறது. அதற்கு என்ன செய்வது? விடுபட்ட பழைய நாட்களை எப்படி ஏற்றுவது?

அம்பத்தூர்_டேட்டா:

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். கூட்டல் வேலையை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, எந்த வியாபார நாள் என்பதை வெளியிலிருந்து கொடுங்கள். உள்ளே கரன்ட் டேட் வரவே கூடாது. சுருக்க டேபிளில் வியாபார நாள், கடை, விவசாயி மூன்றும் சேர்ந்து யூனிக். இன்செர்ட்டில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்’, அதாவது வரி ஏற்கெனவே இருந்தால் அதையே புதுப்பிக்கச் சொல்வது. இனி ஒரே நாளை எத்தனை முறை ஓட்டினாலும் தொகை இரட்டிக்காது. தினசரி ஜாப் இன்றைய நாளோடு முந்தைய இரண்டு நாட்களையும் மறுபடி கூட்டட்டும். திருத்தங்கள் தானாக வந்துவிடும்.

பழைய நாட்களுக்கு, ஜெனரேட் சீரீஸ் என்ற ஃபங்ஷனை வைத்துத் தேதிகளை வரிசையாகக் கொடுத்து அதே ஃபங்ஷனை ஓட்டலாம். அதற்கு முன் ஒன்று: பழைய சுருக்க டேபிளைத் தொடாதீர்கள், வேறு பெயரில் நகல் எடுத்து வையுங்கள். புதியதில் பழையதைக் கழித்தால் எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியல் கிடைக்கும். உங்களுக்கு இப்போது முதல் தேவை அந்தப் பட்டியல்தான்.

வரலாற்று டேபிளில் ‘சக்ஸீடட்’ என்பது எஸ்க்யூஎல் பிழையில்லாமல் முடிந்தது என்பதற்கு மட்டும்தான். பக்கத்தில் ரிட்டர்ன் மெசேஜ் என்ற நெடுவரிசை இருக்கிறது, ‘இன்செர்ட் 0 37’ என்பது போல எத்தனை வரி என்று காட்டும். வரி எண்ணிக்கை சரியாக இருந்தும் தொகை தப்பலாம். அதனால் ஜாப்பின் முடிவில் பில்களின் நேர்க்கூட்டுத் தொகையையும் சுருக்கத்தின் கூட்டுத் தொகையையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் எக்ஸெப்ஷன் எழுப்பச் சொல்லுங்கள். அப்போது ஸ்டேட்டஸ் ‘ஃபெயில்டு’ என்று மாறும். ஏற்றிய வரிகளும் ரோல்பேக் ஆகிவிடும் (ஏற்றாதது போல நீங்கிவிடும்), தப்பான தொகை யார் கண்ணிலும் படாது.

விருகம்பாக்கம்_கோடர்:

செய்து முடித்தேன். புதிய சுருக்கம் பில் புத்தகத்தோடு ரூபாய் சுத்தமாக ஒத்துப்போகிறது. வித்தியாசப் பட்டியலை மண்டிக்காரர்களிடம் கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே கையால் சரிபார்த்துப் பணம் போட்ட பெயர்களைக் கழித்துவிட்டு மீதியை இந்த வாரமே அனுப்புவதாகச் சொன்னார்கள்.

திங்கள் அதிகாலை 3 மணிக்கு ஒரு வாராந்திர ரிப்போர்ட் வேண்டுமாம். 30 21 * * 1 சரியா?

தரமணி_டிபிஏ:

இல்லை. நமக்குத் திங்கள் அதிகாலை 3 மணி என்பது யுடிசியில் ஞாயிறு 21:30. கடைசி எண் கிழமையைக் குறிக்கும், ஞாயிறுக்கு அது 0 ஆக இருக்க வேண்டும்: 30 21 * * 0. நீங்கள் எழுதியது செவ்வாய் அதிகாலையில் ஓடும்.

கையோடு இன்னொரு ஜாப்பும் போட்டுவிடுங்கள். வரலாற்று டேபிள் தானாகச் சுருங்காது. முடிந்து 30 நாள் தாண்டிய வரிகளை வாரம் ஒருமுறை டெலீட் செய்தால் போதும். அதை மதிய நேரத்திலேயே வையுங்கள், இரவில் வேண்டாம்.