மலை ஏறும்போது மட்டும் என்ஜின் மிஸ்ஸிங்: 2,31,000 கி.மீ. ஓடிய கார்

ஏலக்காய்மூட்டை:

போடியிலிருந்து எழுதுகிறேன். 2014 மாடல், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். அப்பா வாங்கியது, இப்போது என் கையில். வாரம் ஒருமுறை போடிமெட்டு ஏறிப் பூப்பாறை தோட்டம் வரை போய்வருவேன். இத்தனை வருடத்தில் வழியில் ஒருநாளும் நிறுத்தாத வண்டி.

மூன்று வாரத்துக்கு முன் மலைப்பாதையில், மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வெட்டி வெட்டி ஓடியது. என்ஜின் விளக்கு மினுக்கியது. இரண்டாவது கியருக்கு இறக்கி மெதுவாக மிதித்தால் சரியாகிவிடும். சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. நின்றிருக்கும்போது ஐட்லிங்கும் சீராகத்தான் இருக்கிறது.

ஒரு பட்டறையில் நான்கு பிளக்கையும் மாற்றி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து 4,800 ரூபாய் வாங்கினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் அதே இடத்தில், அதே வெட்டு. திரும்பப் போனால், "வயசான என்ஜின், ரிங் போயிருக்கும், இறக்கிப் பார்த்துவிடலாம், நாற்பத்தைந்தாயிரம் ஆகும்" என்கிறார்கள். ஆயில் குறையவில்லை, புகையும் இல்லை. நண்பரின் ஸ்கேனரை மாட்டியதில் பி0303 என்று ஒரே ஒரு பிழைக் குறியீடுதான் (கோடு) வந்தது. என்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

நெடுஞ்சாலைநாடோடி:

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எல்லாம் இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் செய்யும் வேலை. பழைய வண்டிகளுக்கு ஆகாது. டேங்கைக் காலி செய்து வேறு பங்கில் போட்டுப் பாருங்கள்.

பழையஸ்பேனர்:

பெட்ரோலைத் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் நான்கு சிலிண்டரும் ஒரே டேங்கிலிருந்துதான் குடிக்கின்றன. உங்கள் கோடு மூன்றாம் சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்கிறது. பெட்ரோல் கெட்டிருந்தால் அது மட்டும் ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்? கோடு பி0300 என்று பொதுவாக வந்திருந்தால் பெட்ரோல், பம்பு, காற்றுக் கசிவு என்று தேடலாம். பி0303 என்றால் அந்த ஒரு வீட்டில்தான் சண்டை.

தம்பி, இருபத்தாறு வருடமாக இதே தொழில். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வோ போய் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) இறங்கியிருந்தால் நின்றிருக்கும்போதே வண்டி ஆட்டம் காட்டும். உங்களுக்கோ சுமை ஏறும்போது மட்டும் வெட்டுகிறது. சுமையில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலோ, பிளக்கைக் கவ்வும் அதன் ரப்பர் உறையோ (பூட்) பலவீனமாக இருந்தால், மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் ஓரமாக வழி தேடி இறங்கிவிடும். கியரை இறக்கினால் சுமை குறைகிறது, பொறி மறுபடி தாண்டுகிறது.

காசே இல்லாத சோதனை ஒன்று. என்ஜின் ஆறிய பிறகு மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதில் போடுங்கள், முதலாவதை மூன்றில் போடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். கோடை அழித்துவிட்டு மலை ஏறுங்கள். பி0301 என்று மாறி வந்தால் குற்றவாளி காயிலோடு இடம் மாறிவிட்டான். பி0303 அப்படியே நின்றால் அடுத்து பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன். ஒவ்வொன்றாகத்தான். இரண்டு பொருளைச் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடும், காரணம் தெரியாது.

காயிலை உருவும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், எண்ணெய் நிற்கிறதா என்று. இந்த ஓட்டத்துக்கு அதுதான் என் சந்தேகம்.

இன்னொன்று. விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வரை வரலாம். மினுக்கினால் காலை எடுங்கள். எரியாத பெட்ரோல், சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால் காயில் விலை ஒன்றுமே இல்லை.

சோலைக்குயில்:

என்னுடையது கேஸில் ஓடும் வண்டி, அதனால் வேறு அனுபவம். எனக்குக் காலையில் சரியாக இருக்கும், சூடானதும் ஐட்லிங்கில் தட்டும். வால்வு இருக்கை தேய்ந்து டாப்பெட் இடைவெளி இல்லாமல் போயிருந்தது. சூட்டில் வால்வு முழுதாக மூடவில்லை. இடைவெளி சரிசெய்ததோடு தீர்ந்தது. உங்கள் கதை அதுவல்ல என்றுதான் நினைக்கிறேன். கேஸ் வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும்.

ஏலக்காய்மூட்டை:

அண்ணே, நேற்றுப் பார்த்துவிட்டேன். மூன்றாவது காயிலை உருவும்போதே தெரிந்துவிட்டது. ரப்பர் உறையின் கீழ்ப்பாதி எண்ணெயில் ஊறி உப்பிப்போயிருந்தது. குழியில் ஒரு விரல் ஆழத்துக்கு எண்ணெய். மற்ற மூன்றும் காய்ந்திருந்தன. இருந்தாலும் நீங்கள் சொன்னபடியே எண்ணெயைத் துடைத்துக் காயிலை இடம் மாற்றிப் போட்டு ஏறினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் வெட்டு. கோடு பி0301.

பிளக் மாற்றிய பிறகு பத்து நாள் ஏன் ஓடியது என்பதும் இப்போது புரிகிறது. மாற்றும்போது குழியைத் துடைத்திருப்பார்கள். எண்ணெய் மறுபடி நிரம்பப் பத்து நாள் ஆகியிருக்கிறது. அதைத் துடைத்த கைக்கு அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

பழையஸ்பேனர்:

காயிலை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் இதே கேள்வியை மறுபடி எழுதுவீர்கள். டாப்பெட் கவர் கேஸ்கெட்டோடு பிளக் குழிச் சீல்களையும் மாற்றுங்கள். கூடவே, என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வர வேண்டும். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் எண்ணெய் தள்ளிக்கொண்டு வரும்.

ஏலக்காய்மூட்டை:

வால்வு ஊமையாக இருந்தது. உள்ளே தார் மாதிரி கறுப்புப் பிசுக்கு. அது, கேஸ்கெட், சீல், ஒரு காயில், கூலி எல்லாம் சேர்த்து 3,900 ரூபாய். இன்று நான்கு மூட்டையோடு மூன்றாவது கியரில் ஏறினேன், விளக்கு எரியவில்லை. மீதி மூன்று காயில்களும் அதே 2,31,000 பார்த்தவை என்பதால் ஒரு புதுக் காயிலும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.